கரீபியனுக்குத் தனியே போகும் பெண்ணிடம் என்ன சொல்ல வேண்டும்?

2016 பிப்ரவரி 10, சாம்பல் புதன். டிரினிடாட் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இரண்டு நாள் கார்னிவல் முந்தின இரவுதான் ஓய்ந்திருந்தது. நகரின் நடுவே பரந்து கிடக்கும் குவீன்ஸ் பார்க் சவானா மைதானத்தில், மரத்தடியில், ஒரு பெண்ணின் உடல் கண்டெடுக்கப்பட்டது. கார்னிவல் உடையை அவர் இன்னும் களைந்திருக்கவில்லை. ஜப்பானிலிருந்து ஸ்டீல்பேன் வாசிக்க வந்தவர், வயது 30. கழுத்து நெரிக்கப்பட்டிருந்தது.

அந்தச் சாவைப் பற்றிச் செய்தியாளர்களிடம் பேசிய அப்போதைய மேயர் ரேமண்ட் டிம் கீ, கார்னிவலில் பெண்கள் ஆபாசமாக நடந்துகொள்கிறார்கள் என்று குறைசொன்னார். தனக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெண்ணுக்கு உண்டு என்ற பொருளிலும் பேசினார். டிரினிடாட் பெண்கள் பொறுத்துக்கொள்ளவில்லை. நகர மண்டபத்தின் முன் திரண்டார்கள். சில நாட்களில் மேயர் பதவி விலக நேர்ந்தது.

தனியே பயணம் போகும் பெண்களுக்கு உலகெங்கும் வழங்கப்படும் அறிவுரையில் பெரும்பகுதி, அந்த மேயர் சொன்னதன் நாகரிகமான வடிவம்தான். தனியே போகாதே, இருட்டிய பின் வெளியே வராதே, அடக்கமாக உடுத்து. இந்த மூன்றையும் பாதுகாப்பு அறிவுரை என்று சொல்லவே கூடாது. எந்த வண்டியில் ஏறலாம், எந்தக் கரையில் குளிக்கலாம், எந்த எண்ணை அழைத்தால் போலீஸ் வரும் என்பதில் ஒன்றைக்கூட அவை சொல்வதில்லை. நியூயார்க்கிலும் டொராண்டோவிலும் வேலை பார்க்கும் தமிழ்ப் பெண்களுக்குக் கரீபியன் இன்று சில மணி நேர விமானப் பயணம். அவர்கள் போகத்தான் போகிறார்கள். அவர்களுக்குத் தேவை விவரம். அந்த விவரம் யாரிடம் இருக்கிறது என்றால், அந்தத் தீவுகளிலேயே பிறந்து, தினமும் பேருந்து பிடித்து வேலைக்குப் போய் வரும் பெண்களிடம் இருக்கிறது.

அவர்கள் வாய்மூடி இருப்பவர்கள் அல்ல. டொபேகோவில் பிறந்த கலிப்ஸோ ரோஸ், 1978இல் கலிப்ஸோ இசைப் போட்டியின் முதன்மைப் பட்டத்தை வென்ற முதல் பெண். 2016இல், தம் 76ஆவது வயதில், 'லீவ் மீ அலோன்' என்ற பாட்டை வெளியிட்டார். கூட்டத்தில் தனியே ஆட விரும்பும் பெண்ணை விட்டுவிடச் சொல்லும் பாட்டு அது. அடுத்த ஆண்டுக் கார்னிவலில் தெருவெங்கும் அதுதான் ஒலித்தது. பெண்கள் அந்த வாசகத்தைச் சட்டையில் அச்சிட்டு அணிந்தார்கள். 2018 கார்னிவலுக்கு முன், சம்மதமின்றி ஒருவர் மேல் உரசி ஆடுவது தாக்குதல் வழக்காகலாம் என்று டிரினிடாட் போலீஸே எச்சரித்தது. பார்படோஸில் 2016 நவம்பரில் ரோனெல் கிங் தொடங்கிய 'லைஃப் இன் லெகிங்ஸ்' என்ற ஹேஷ்டேக்கின் கீழ், தெருவிலும் பேருந்திலும் வீட்டிலும் பட்டதையெல்லாம் கரீபியப் பெண்கள் எழுதித் தீர்த்தார்கள். 'மீ டூ' உலகெங்கும் பரவியது அதற்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு கழித்துத்தான். 2017 மார்ச்சில் பல தீவுகளில் ஒரே நாளில் பெண்கள் ஊர்வலம் போனார்கள். போகும் தீவின் ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நினைப்பவர், ஹோட்டல் விளம்பரத்தைப் பார்ப்பதைவிட இந்தப் பெண்கள் எழுதியதைப் படிக்கலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கரீபியன் என்பது ஒரே ஊர் அல்ல. சிறு திட்டுகளையும் சேர்த்தால் 700க்கு மேல் தீவுகள்; தனி நாடுகள் 13; அவை போக பிரான்ஸ், நெதர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகியவற்றின் ஆட்சியில் உள்ள தீவுகள் தனி. ஹைட்டியின் தலைநகரில் பெரும்பகுதியை ஆயுதக் கும்பல்கள் பிடித்து வைத்திருக்கின்றன; அங்கே இப்போது யாருமே போகக் கூடாது. அதே தீவின் மறுபாதியான டொமினிகன் குடியரசுக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் வந்து போகிறார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயண எச்சரிக்கைப் பட்டியலில் ஜமைக்கா 2024 ஜனவரியில் மூன்றாம் நிலையில் இருந்தது. 2025 மே மாதம் எச்சரிக்கை தணிந்து இரண்டாம் நிலைக்கு இறங்கியது. டிரினிடாட் 2024 டிசம்பர் கடைசியில் அவசரநிலையையே அறிவித்தது.

ஆனால் இந்த எச்சரிக்கை நிலைகள் பெரும்பாலும் கும்பல் மோதலையும் கொலைக் கணக்கையும் பார்த்து இடப்படுபவை. கும்பல் மோதலில் சாகிறவர்களில் பெரும்பாலோர் அந்தந்தப் பேட்டைகளின் இளைஞர்கள். ஒரு பெண் எதிர்கொள்ளும் ஆபத்தின் கணக்கு வேறு. அரூபா பாதுகாப்பான தீவு என்றே பெயர் பெற்றது. 2005 மே மாதம் அங்கேதான் 18 வயது அமெரிக்க மாணவி ஒருவர் காணாமல் போனார். பள்ளி இறுதியைக் கொண்டாட நூற்றுக்கு மேற்பட்ட வகுப்புத் தோழர்களோடு வந்திருந்தவர். கடைசி இரவில், மதுக்கூடத்திலிருந்து ஓர் இளைஞனோடு காரில் ஏறினார். 18 ஆண்டுகள் கழித்து, 2023 அக்டோபரில், அமெரிக்க நீதிமன்ற வழக்கின்போது அவன் ஒப்புக்கொண்டான்: கடற்கரையில் அவர் தன்னை மறுத்ததால் அடித்துக் கொன்றதாக. இடைப்பட்ட காலத்தில் பெரு நாட்டில் இன்னொரு இளம்பெண்ணையும் அவன் கொன்றிருந்தான்.

அரூபாவில் இறந்த மாணவி தனியே போனவர் அல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும். கூட்டமாகப் போனால் போதும் என்று நம்புகிறவர்களுக்கு அந்தப் பள்ளிப் பயணமே பதில். பல நேரங்களில், குழுவாக வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொள்ள, யாரும் யாரையும் பார்ப்பதில்லை. தனியே வந்தவர், இன்ன நேரத்துக்குள் திரும்பிவிடுவேன் என்று விடுதிக்காரரிடம் சொல்லிவிட்டுப் போவார். குழுவில் வந்தவருக்கு அது தோன்றுவதில்லை.

வண்டிதான் எல்லாவற்றையும்விட முக்கியம். டிரினிடாடில் வாடகைக்கு ஓடும் வண்டிகளின் எண் 'எச்' என்ற எழுத்தில் தொடங்கும். சொந்தக் காரை வைத்துக்கொண்டு அனுமதியில்லாமல் ஆள் ஏற்றுவதை 'பி.எச்.' என்பார்கள், பேருந்து போதாத இடங்களில் ஊர்க்காரர்களும் அதில்தான் போகிறார்கள். 2020 இறுதியில் 18 வயதுப் பெண் ஒருவர் அப்படியொரு காரில் ஏறி, கொலையுண்டு கிடந்தார். இரண்டு மாதம் கழித்து, 2021 ஜனவரி கடைசியில், அரிமா நகரில் நீதிமன்ற எழுத்தராக வேலை பார்த்த இளம்பெண் மாலையில் வீடு திரும்ப ஒரு காரில் ஏறினார். அதில் 'எச்' எண்தான் இருந்தது. ஆனால் போலி. சில நாள் கழித்து மலைச்சரிவில் அவர் உடல் கிடைத்தது. நாடெங்கும் பெண்கள் மெழுகுவத்தி ஏந்தித் தெருவுக்கு வந்தார்கள். உரிமத்தோடு பெப்பர் ஸ்ப்ரே வைத்துக்கொள்ளச் சட்டத்தில் வழி செய்யப்பட்டது அந்தக் கோபத்துக்குப் பிறகுதான்.

ஆகவே எண்ணைப் பார்ப்பது முதல் படி மட்டுமே. வண்டி ஒரு நிலையத்தில் வரிசையில் நின்று புறப்படுகிறதா, உள்ளே வேறு பெண்கள் இருக்கிறார்களா, விடுதியிலோ உணவகத்திலோ இருப்பவர்களுக்கு அந்த ஓட்டுநரைத் தெரியுமா என்பவை அடுத்தவை. 'மேக்ஸி' என்று டிரினிடாட் மக்கள் அழைக்கும் சிற்றுந்துகள் இந்த வகையில் கார்களைவிட மேல். அவற்றின் மேல் ஓடும் வண்ணப் பட்டையே தடத்தைச் சொல்லிவிடும்: மஞ்சள் என்றால் தலைநகரின் மேற்குப் பக்கம், சிவப்பு என்றால் கிழக்கு, பச்சை என்றால் தெற்கே சான் ஃபெர்னாண்டோ வரை. ஜமைக்காவில் உரிமம் பெற்ற வாடகை வண்டிக்குச் சிவப்பு எண் பலகை. பார்படோஸில் டாக்சிக்கு 'இசட்'. அங்கே 'எச்' என்றால் நாமே எடுத்து ஓட்டும் வாடகைக் கார். ஒரு தீவில் கற்றதை அடுத்த தீவுக்கு அப்படியே கொண்டுபோக முடியாது என்பதற்கு இந்த ஓர் எழுத்தே போதும். மீட்டர் பெரும்பாலான இடங்களில் கிடையாது. ஏறும் முன்பே கட்டணம் பேச வேண்டும், எந்த டாலர் என்பதையும் கேட்க வேண்டும். இரண்டு பார்படோஸ் டாலர் சேர்ந்தால்தான் ஓர் அமெரிக்க டாலர். கிரெனடா, செயின்ட் லூசியா போன்ற கிழக்குக் கரீபிய நாடுகளின் டாலர் 2.70 கொடுத்தால் ஒன்று. இருபது டாலர் என்று பேசி ஏறிவிட்டு, இருட்டிய சாலையில் இறங்கும்போது எந்த இருபது என்று வாதாடும் நிலை ஒரு பெண்ணுக்கு வரக் கூடாது. ஜமைக்காவிலும் டொமினிகன் குடியரசிலும் ஊபர் இருக்கிறது. எல்லாத் தீவுகளிலும் இல்லை.

அடுத்தது கடல். பயண அறிவுரைகள் மனிதர்களைப் பற்றி எச்சரிக்கும் அளவுக்குக் கடலைப் பற்றி எச்சரிப்பதில்லை, இது பெருங்குறை.

2025 மார்ச் மாதம் டொமினிகன் குடியரசின் புண்டா கானாவில், அமெரிக்காவில் படித்துவந்த 20 வயது இந்திய வம்சாவளி மாணவி, விடியும் முன் கடலில் இறங்கிக் காணாமல் போனார். அவரும் தோழிகளோடு வந்தவர்தான். அலை இருவரையும் இழுத்தது என்று உடனிருந்த இளைஞர் சொன்னார். உடல் கிடைக்கவில்லை. நாள்கணக்கில் காத்திருந்த பெற்றோர், மகள் இறந்துவிட்டதாக அறிவிக்குமாறு தாங்களே கேட்க வேண்டியதாயிற்று.

கிழக்குக் கரீபியத் தீவுகளுக்கு இரண்டு முகம். மேற்குக் கரை கரீபியக் கடலைப் பார்த்தது. பொதுவாக அமைதியானது, சுவரொட்டிகளில் வருவது. கிழக்குக் கரையை அட்லாண்டிக் பெருங்கடல் நேராக வந்து மோதுகிறது. ஆண்டு முழுக்கக் கிழக்கிலிருந்து வீசும் காற்று அலைகளை அதன் மேல் தள்ளிக்கொண்டே இருக்கும். பார்படோஸின் பத்ஷீபா கண்ணுக்கு அத்தனை அழகு, அலைச்சறுக்கு வீரர்கள் தேடிப் போகும் இடம். ஆனால் நீந்துவதற்கு உகந்ததல்ல. டிரினிடாடின் வடகரையில் உள்ள மராக்காஸிலும், கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் உண்டு. அங்கே உயிர்க்காப்பாளர்கள் இருக்கிறார்கள், அவர்கள் நட்ட கொடிகளுக்கு நடுவேதான் குளிக்க வேண்டும். சிவப்புக் கொடி பறந்தால் காலைக்கூட நனைக்க வேண்டாம். இழுப்பில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துத்தான் மூழ்குவார். மிதந்துகொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்ட பிறகு கரை திரும்ப வேண்டும். உயிர்க்காப்பாளர் இல்லாத நேரத்தில், குறிப்பாக மது அருந்திய இரவில், கடலில் இறங்குவதே இல்லை என்று முடிவு செய்துகொள்வது நல்லது. கரையில் சிவப்பு வண்ணம் பூசிய மரம் கண்ணில் பட்டால் அது மேன்சினீல். அதன் காய் நஞ்சு. பால் பட்டால் தோல் வெந்துபோகும். மழைக்குக்கூட அதன் கீழ் ஒதுங்கக் கூடாது.

சுற்றுச்சுவரும் காவலாளியும் உள்ள ரிசார்ட்டில் தங்கினால் கவலை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஜமைக்கா பற்றிய அமெரிக்க எச்சரிக்கை அப்படிச் சொல்லவில்லை. உணவு, மது எல்லாம் கட்டணத்தில் அடங்கிய ரிசார்ட்டுகளிலும் பாலியல் தாக்குதல்கள் நடக்கின்றன என்று அது வெளிப்படையாக எழுதுகிறது. பகாமாஸ் பற்றிய எச்சரிக்கை, அங்கே ஜெட் ஸ்கீ வாடகைக்கு விடும் சிலர் பயணிகளைப் பாலியல் தாக்குதலுக்கு உள்ளாக்கியதாகச் சொல்கிறது. கரையிலிருந்து பார்த்தால் கூப்பிடு தூரம்தான். ஆனால் நீரில் அந்த ஓட்டுநரைத் தவிர வேறு யாரும் இல்லை. கதவடியில் செருக ஒரு ரப்பர் ஆப்பு, தரைத்தளம் இல்லாத அறை, வரவேற்பறையில் அறை எண்ணை உரக்கச் சொல்ல விடாமல் எழுதி வாங்குவது ஆகியவை சிறிய விஷயங்கள்தான், ஆனால் பலன் தருபவை. கண்ணெதிரே திறந்து கையில் தரப்படாத பானத்தைக் குடிக்கக் கூடாது என்பதும் அப்படித்தான்.

பெண்களே நடத்தும் சிறு விடுதிகள் இதைவிட நல்ல வழி என்று உறுதியாகச் சொல்லலாம். கியூபாவில் உரிமம் பெற்று வீட்டிலேயே அறை வாடகைக்கு விடுவதை 'காசா பர்ட்டிகுலர்' என்பார்கள். வாசலில் நீல நிறச் சின்னம் இருக்கும், விருந்தினரின் பாஸ்போர்ட் விவரம் அரசிடம் பதிவாகும். வெளியே போன பெண் திரும்பவில்லை என்றால் அந்த வீட்டம்மாவுக்கு முதலில் தெரியும். (2024 அக்டோபரில் நாடே இருண்டதிலிருந்து மின்வெட்டு அங்கே ஓயவில்லை. டார்ச்சும் கையில் ரொக்கமும் இல்லாமல் போகக் கூடாது.)

மனிதர்களோடு பழகுவதில் ஒரு விஷயம் வெளியூர்ப் பெண்களுக்குப் பிடிபடுவதில்லை. ஆங்கிலம் பேசும் தீவுகளில் கடைக்குள் நுழைந்தாலும் சிற்றுந்தில் ஏறினாலும் முதலில் 'குட் மார்னிங்', மாலையானால் 'குட் நைட்' சொல்ல வேண்டும். சொல்லாமல் நேரே விலை கேட்பது அவமதிப்பு. பயத்தில் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு போகிறவர், தமக்குத் துணை நிற்கக்கூடியவர்களையே விலக்கிவிடுகிறார். நிறுத்தத்தில் நிற்கும் மூத்த பெண்ணுக்கு ஒரு காலை வணக்கம் சொன்னால், எந்த வண்டியில் ஏற வேண்டும், எதில் கூடாது என்று அவரே சொல்லிவிடுவார். தெருவோர ஆண்களின் சீண்டலுக்கும் ஊர்ப்பெண்கள் செய்வதைத்தான் செய்ய வேண்டும்: வணக்கத்துக்கு வணக்கம், அதற்கு மேல் நடையை நிறுத்துவதில்லை. இத்தனை நாள் தங்குகிறேன், இந்த விடுதியில் என்ற விவரம் யாருக்கும் தேவையில்லை.

தனியே நடக்கத் தயங்குகிறவர்களுக்கு ஊராரோடு நடக்கும் வழியும் உண்டு. பார்படோஸில் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு ஞாயிறு அதிகாலைகளில் தீவின் வெவ்வேறு பகுதிகளுக்கு நடை அழைத்துச் செல்கிறது. குடும்பங்களும் பாட்டிகளும் கூட வருவார்கள். கிரெனடாவில் 'ஹாஷ்' குழுவினர் சனிக்கிழமைகளில் காட்டு வழியே ஓடியும் நடந்தும் போகிறார்கள். டொமினிகாவின் கொதிக்கும் ஏரிக்கு ஆண்கள்கூட வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது. பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் கப்பஸ்டேர் பகுதிக்குப் போகும் தமிழ்ப் பெண்ணுக்குச் சாங்கி கோயில் கோபுரமே வழி காட்டும். 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வாரிசுகள் அங்கே இன்றும் மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள். தமிழ் பேச்சில் இல்லை. பிரெஞ்சு கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

ஆவணங்களில் சில பொறிகள் உண்டு. பார்படோஸ், டொமினிகா, கிரெனடா, ஜமைக்கா ஆகியவை இந்தியர்களை விசா இல்லாமலே அனுமதிக்கின்றன. ஆனால் நேரடி விமானம் இல்லை. அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாறுவதற்குக்கூட அமெரிக்க விசா வேண்டும். ஷெங்கன் விசா இருந்தால் குவாதலூப், மர்த்தினிக் போகலாம் என்று நினைக்கக் கூடாது. அவை பிரான்ஸின் பகுதிதான், ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. டிரினிடாடிலிருந்து நேரே இந்தியா திரும்புகிறவரிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தப்படலாம். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் அந்த ஊசி போடுகிறார்கள். போட்ட பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். பெரும்புயல் காலம் ஜூன் முதல் நவம்பர் வரை. 2025 அக்டோபர் 28இல் மெலிசா புயல் ஜமைக்காவின் மேற்குப் பகுதியை எப்படிச் சிதைத்தது என்று உலகம் பார்த்தது. ராணுவ உருமறைப்பு வண்ண உடை பார்படோஸ், ஜமைக்கா, டிரினிடாட் உள்ளிட்ட பல நாடுகளில் குற்றம். கைப்பையில் அந்த நிறம் இருந்தால்கூடப் பறிக்கப்படலாம். பெப்பர் ஸ்ப்ரேயும் தீவுக்குத் தீவு சட்டம் மாறும் பொருள். உரிமம் இல்லாமல் எடுத்துப் போவது வம்பை விலைக்கு வாங்குவது.

எழுதத் தயங்குகிறார்கள் என்பதற்காகவே இதையும் எழுத வேண்டும். தாக்குதல் நேர்ந்துவிட்டால், எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. அவசரக் கருத்தடை மாத்திரையைப் பையில் வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பார்படோஸ் 1983இலேயே கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கிவிட்டது. டொமினிகன் குடியரசில் பலாத்காரத்தால் உண்டான கருவைக்கூடக் கலைக்க அனுமதி இல்லை. புகாரைத் தீவை விட்டுக் கிளம்பும் முன்பே கொடுத்துவிட வேண்டும். ஊர் திரும்பிய பின் வழக்கு நடத்துவது மிகக் கடினம். போலீஸுக்கு டிரினிடாடில் 999, ஜமைக்காவில் 119, பார்படோஸில் 211, பிரெஞ்சுத் தீவுகளில் 112. இந்தியத் தூதரகங்கள் போர்ட் ஆஃப் ஸ்பெயின், கிங்ஸ்டன், ஹவானா, சாண்டோ டொமிங்கோ போன்ற சில தலைநகரங்களில் மட்டுமே உண்டு. மற்ற தீவுகளுக்கு எந்தத் தூதரகம் பொறுப்பு என்பதைப் புறப்படும் முன்பே பார்த்து, அதன் இரவு நேர எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் ஒரு பெண் தானே தேடித் திரட்ட வேண்டும் என்று விட்டுவைத்திருப்பது அநியாயம். கரீபியக் கப்பல் பயணமும் தேனிலவுப் பயணமும் விற்கும் நிறுவனங்கள், போகும் தீவின் வாடகை வண்டி அடையாளம், குளிக்கத் தகுந்த கரைகள், அவசர எண்கள், பாலியல் தாக்குதலுக்குச் சிகிச்சை தரும் மருத்துவமனை, பொறுப்பான இந்தியத் தூதரகம் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும். வெளியுறவு அமைச்சகமும் தூதரகங்களும் அதே விவரத்தை இந்திய மொழிகளில் தங்கள் இணையதளங்களில் வைக்க வேண்டும். அதுவரை, பணம் கட்டும் பெண்களே அந்தத் தாளைக் கேட்கட்டும். தர முடியாத நிறுவனத்துக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.